டிவி உற்சவரான கதை: எங்கள் வீட்டு ஹாலைத் திருப்பிப் போட்ட அனுபவம்

மே மாதம் ஒரு ராத்திரி எட்டே காலுக்கு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் 'டமார்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிப்போனது. இன்வெர்ட்டர் பேட்டரி அதற்கு முந்தின வாரமே மண்டையைப் போட்டிருந்தது. திருச்சியில் மே மாதத்தில் ஃபேன் ஓடாத அறை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருந்த ஐந்து பேரும் அவரவர் மூலையிலிருந்து எழுந்து, ஹாலின் மேற்குக் கோடியில் இருக்கும் பால்கனிக் கதவுப் பக்கம் வந்து சேர்ந்தோம். கரண்ட் வரும்போது மணி பதினொன்றரை. அதற்குள் அத்தை தன் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோய் எதிர்வீட்டிலிருந்து அண்டாவோடு தூக்கி வந்த கதையைச் சொல்லி முடித்திருந்தார். பதினெட்டு வருடமாக இந்த வீட்டு மருமகளாக இருக்கிறேன், அந்தக் கதையை அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலை வீடு கூட்டுவதற்கு முன்னால் கோலப்பொடியை எடுத்து, முந்தின இரவு யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்று தரையில் புள்ளி வைத்தேன். அத்தை பால்கனிப் படியோரம், சுவரில் சாய்ந்து. அவர் மடியில் தலை வைத்து மகள், பாயில். பையன் பாதி பால்கனியில், பாதி ஹாலில். இவர் சோபாவின் காலில் முதுகை முட்டுக் கொடுத்துத் தரையில். நான் அவருக்கும் அத்தைக்கும் நடுவில். டேப் பிடித்துப் பார்த்தால் ஐந்து புள்ளிகளும் ஐந்தரை அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கிவிட்டன. 28,000 ரூபாய் கொடுத்து வாங்கிய சோபாவில் ஒருத்தரும் உட்காரவில்லை.

அந்தப் புள்ளிகளைக் கரண்ட் இருக்கும்போதும் நிற்க வைக்க முடியுமா என்று பார்த்ததுதான் இந்தப் பதிவு. ஜூனில் தொடங்கி ஆடி முடியும் வரை ஆனது. அதில் பாதி நாள், செய்ததைக் கழற்றுவதிலேயே போனது.

முதலில் ஹாலைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு மேற்காக 16 அடி, தெற்கு வடக்காகப் பத்தரை அடி. தெற்குச் சுவரின் கிழக்குக் கோடியில் தலைவாசல். வடக்குச் சுவரின் கிழக்குக் கோடியில் சமையலறைக்கும் படுக்கையறைகளுக்கும் போகும் வழி. மேற்குச் சுவரில், வடக்கு ஓரமாக நாலடி அகல பால்கனிக் கதவு. வடக்குச் சுவர் நடுவில் 43 அங்குல டிவி, அதன் கீழே ஐந்தடி நீளத்துக்கு ஒரு மர அலமாரி. எதிரே தெற்குச் சுவரை ஒட்டி மூன்று பேர் சோபா, அதே வரிசையில் இரண்டு ஒற்றைச் சோபாக்கள், நடுவில் கண்ணாடி டீப்பாய். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சு போட்டிருப்பார்களே, அப்படி. உட்கார்ந்தால் எல்லோர் முகமும் ஒரே சுவரைப் பார்க்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். அத்தைக்குக் கழுத்துத் தேய்மானம் வேறு.

ஜூன் முதல் சனிக்கிழமை செய்தது ரொம்ப எளிது. ஒற்றைச் சோபாக்கள் இரண்டையும் தூக்கி எதிர்ச்சுவர்ப் பக்கம் போட்டு, பெரிய சோபாவைப் பார்க்கத் திருப்பினேன். இடையில் ஐந்தடி. காகிதத்தில் வரைந்தபோது அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்ததும் ஹாலில் ஒரு இறுக்கம் வந்துவிட்டது. மகள் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு. பஜ்ஜி சொஜ்ஜி எங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. நேருக்கு நேர் உட்கார்ந்தால் கண்ணை வைக்க வேறு இடம் கிடையாது. பேச்சு நின்றால் அந்த மௌனம் ஒரு தப்பு மாதிரித் தெரியும். கல்லூரியில் உளவியல் துணைப்பாடமாக இருந்தபோது படித்த ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் வெய்பர்ன் என்ற ஊரின் மனநல மருத்துவமனை, 1950கள். ஹம்ப்ரி ஆஸ்மண்ட் அங்கே மருத்துவர், ராபர்ட் சோமர் உளவியலாளர். முதிய பெண்கள் இருந்த கூடத்துக்குப் புது வர்ணம், புது நாற்காலி எல்லாம் வந்திருந்தன. ஆனால் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன; பாட்டிகள் தோளோடு தோள் உட்கார்ந்து பேசாமலே இருந்தார்கள். சிறு மேசைகளைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுப் பார்த்தபோது, சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதே மருத்துவமனையின் உணவுக்கூடத்தில் சோமர் கவனித்த இன்னொன்றுதான் எனக்கு உதவியது: மேசையின் மூலைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார்ந்தவர்களே அதிகம் பேசிக்கொண்டார்கள். வேண்டுமானால் முகம் பார்க்கலாம், வேண்டாமென்றால் நேரே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

என் கோலப்பொடிப் புள்ளிகளைத் திரும்பப் பார்த்தேன். யாரும் யாருக்கும் நேர் எதிரே இல்லை. எல்லாமே மூலை மூலையாகத்தான்.

அடுத்த வேலை டிவி. இங்கேதான் பெரிய தப்புச் செய்தேன். டிவியைக் கழற்றி அத்தை அறையில் மாட்டிவிட்டால் அவருக்கும் சௌகரியம், ஹாலும் நமக்கு என்று கணக்குப் போட்டேன். இவரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் பிடித்துக்கொள்ள, நாலு போல்ட்டைக் கழற்றி இறக்கி, அந்தப் பக்கம் மாட்டினோம். முதல் நாள் ஏழு மணிக்கு அத்தை சீரியல் போட்டார். ஏழேகாலுக்குப் பையன் போனான். ஏழரைக்கு மகள் போனாள். கொஞ்ச நேரத்தில் இவரும், "அம்மா தனியா இருக்காங்கல்ல" என்று சொல்லிக்கொண்டு போனார். மூன்றடி அகலக் கட்டிலில் நாலு பேர். ஹாலில் நான் மட்டும், புதிதாகத் திருப்பிப் போட்ட சோபாவோடு. இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் அத்தையே சொன்னார்: "ஏம்மா, ஒன்பது மணிக்குப் படுக்கலாம்னு பாத்தா கட்டில்ல இடமில்ல. அதை அங்கயே கொண்டுபோய் மாட்டு."

அங்கேயே மாட்ட முடியாத நிலைமை. ஏனென்றால் அதற்குள் நான் வடக்குச் சுவரில் பட்டி பார்த்திருந்தேன்.

டிவிச் சட்டத்தின் நாலு ஓட்டையும் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையும் அளவு. உள்ளே இருந்த ஆங்கர் போல்ட்டைப் பிடுங்கினால் சுவரே பெயர்ந்து வரும் என்று, தலையை மட்டும் அறுத்துவிட்டு உள்ளே தட்டிவிட்டேன். ஒரே தடவையில் பட்டியை அப்பியதில் மறுநாள் நடுவில் குழி விழுந்து வெடித்திருந்தது. ஆழமான ஓட்டையை முதலில் சிமெண்ட் கலவையால் முக்கால்வாசி அடைத்து, காய்ந்த பிறகு மேலே மெல்லிசாக இரண்டு தடவை பட்டி வைத்து, 180 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரண்டாம் முறை அப்படிச் செய்தேன், சுவர் மழமழவென்று வந்தது. மேலே பெயிண்ட் அடித்ததும் போச்சு. அதே நிறம், அதே எண், ஆனால் சுவருக்கு ஆறு வயது. தலைவலிக்குப் பத்துப் போட்ட நெற்றி மாதிரி நாலு திட்டு பளிச்சென்று நின்றது.

இன்னொரு வினையும் சேர்ந்தது. டிவியும் மர அலமாரியும் போனதும் ஹால் எதிரொலிக்க ஆரம்பித்தது. நடுவில் நின்று கை தட்டினால் ஒரு 'ட்ர்ர்ங்' கூடவே வந்தது. கீழே வழவழ டைல்ஸ், சுற்றிலும் மொட்டைச் சுவர். சத்தம் எங்கே போகும்? அத்தைக்கு இடது காது மந்தம். எதிரொலி கூடினால் அவருக்குச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. "என்ன, என்ன" என்று இரண்டு தடவை கேட்பார், மூன்றாம் தடவை கேட்க மாட்டார், சும்மா தலையாட்டுவார். பேசுவதற்காக ஹாலை மாற்றிவிட்டு, அவரைப் பேச்சிலிருந்தே வெளியே தள்ளிவிட்டேன்.

இரண்டு வினைக்கும் ஒரே மருந்து பரணில் இருந்திருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமுக்காளம், ஆறடிக்கு நாலடி, சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக. அதை மேல் ஓரத்தில் மடித்துத் தைத்து, திரைச்சீலைக் கம்பி ஒன்றைக் கோர்த்து, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும்படி மாட்டினேன். இந்த இடைவெளி முக்கியம். சுவரோடு ஒட்டித் தொங்குவதைவிட, பின்னால் கொஞ்சம் காற்று இருந்தால் துணி சத்தத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். பத்துப் போட்ட திட்டுகளும் மறைந்தன. பால்கனிக்குக் கனமான கோரா துணித் திரை போட்டேன், மேற்கு வெயிலுக்கும் அது தேவைப்பட்டது. தரையில் முசிறிக் கோரைப்பாய். இப்போது கை தட்டினால் தட்டின சத்தம் மட்டும்தான்.

ஃபேனையும் இந்தக் கணக்கிலேயே மாற்றினேன். பழையது ஓடும்போது கடகட என்று ஒரு தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், நமக்குப் பழகிவிட்டது, காது மந்தமானவருக்குப் பழகாது. கொக்கி கான்கிரீட்டுக்குள் ஹாலின் நடுவில் இருக்கிறது, அதை நகர்த்த முடியாது. நாங்கள் உட்காரப்போகும் இடமோ மேற்கு மூலை. அதனால் 1,200 மில்லிமீட்டருக்குப் பதில் 1,400 மில்லிமீட்டர் வீச்சுள்ள பிஎல்டிசி ஃபேன், அதாவது சத்தமும் கரண்டும் குறைவாகப் பிடிக்கும் மோட்டார் வகை. மூலைக்குக் காற்று சுமாராக வருகிறது. சத்தம் அடங்கியது பெரிய ஆறுதல்.

இனி திண்ணை. எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கும் பகுதி இது.

மின்வெட்டு இரவில் எல்லோரும் தாழ்வாக உட்கார்ந்திருந்தோம் என்பதை மறக்கவில்லை. மேற்குச் சுவரில் பால்கனிக் கதவு போக மிச்சம் ஆறரை அடி இருந்தது. அதில் ஆறடி நீளத்துக்கு, 22 அங்குல அகலத்தில் ஒரு மரத்திண்ணை. அதற்குச் செங்கோணத்தில், தெற்குச் சுவரோரம் பழைய பெரிய சோபா. இரண்டும் சந்திக்கும் மூலையில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு அதில் ஒரு முக்காலி, காபி டம்ளர் வைக்க. ஒற்றைச் சோபாக்களையும் கண்ணாடி டீப்பாயையும் விற்றுவிட்டேன். டீப்பாய் முனையில் முழங்காலை இடித்துக்கொள்ளாதவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அவற்றுக்குப் பதில் லேசான பிரம்பு நாற்காலி ஒன்று. வேண்டியவர் வேண்டிய பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பால்கனிக்குப் போகும் வழி வடக்குச் சுவரோரம் இரண்டரை அடி. ஈரத்துணி வாளியோடு யாரையும் நகரச் சொல்லாமல் போக அதற்குக் குறைந்து சரிப்படாது, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தே அளவெடுத்தேன்.

ஆசாரி வந்து பார்த்தார். நான் வரைந்து வைத்திருந்ததில் மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பொருள் வைக்கலாம். அவர் சிரித்தார். "மெத்தைய எடுக்கணும், பலகையத் தூக்கணும். ஒரு மாசம் செய்வீங்க, அப்புறம் உள்ள என்ன இருக்குன்னே மறந்துரும். முன்பக்கம் சும்மா திறந்த பொந்தா விட்டுருங்கம்மா" என்றார். விட்டோம். இரண்டடிக்கு ஒரு குறுக்குப் பலகை, அதனால் மூன்று பொந்து, மேல்பலகையும் தொய்யாது. 18 மில்லிமீட்டர் பிளைவுட், பலகையில் ஐஎஸ் 303 முத்திரையும் பிடபிள்யூஆர் (தண்ணீரைத் தாங்கும் தரம்) என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். பால்கனிப் பக்கம் ஐப்பசி மழைச் சாரல் வரும், சாதாரண பிளைவுட் ஊறி உப்பிவிடும். பின்பக்கத்துக்குப் பலகை கிடையாது, சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளித்தான் நிற்கிறது. மேலே இலவம்பஞ்சு மெத்தை, மூன்று அங்குலம்.

எல்லாம் ஆயிற்று. அத்தை வந்து உட்கார்ந்தார். "நல்லாருக்கும்மா, எங்க ஊர் வீட்டுத் திண்ணையாட்டமே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நிமிடம் கழித்து எழப்போனார், முடியவில்லை. இரண்டு முறை முன்னே பின்னே ஆடிப்பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துத்தான் எழுந்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் திண்ணைப் பக்கமே வரவில்லை.

அழகுக்காகத் தாழ்வாக, பெட்டி உயரம் பத்து அங்குலம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பஞ்சு அமுங்கிய பிறகு மொத்தம் 12. அத்தையின் முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்கு அளந்தால் பதினைந்தரை. இந்த அளவைத்தான் நான் முதலில் எடுத்திருக்க வேண்டும். திரும்ப ஆசாரியைக் கூப்பிட்டேன். நாலு அங்குல உயரத்தில் மரச்சட்டத்தால் ஒரு அடித்தளம் செய்து, திண்ணையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அதிலும் ஒரு நுணுக்கம் செய்தார்: அடித்தளத்தை முன்விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்வாங்கி வைத்தார். எழும்போது நம்மை அறியாமல் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, உடம்பின் எடையை அதன்மேல் கொண்டுவருகிறோம். குதிகால் பலகையில் இடித்தால் அது நடக்காது. உயரம் பாதி, இந்த மூன்று அங்குலம் பாதி. அத்தை இப்போது யார் கையும் இல்லாமல் எழுந்துகொள்கிறார். பெட்டி மாதிரித் தரைவரை அடைத்து இருக்கை செய்கிற யாரும் இதை மறந்துவிட வேண்டாம்.

விளக்கு வேலையில் உயிர் போகவில்லை, அவ்வளவுதான். ஹாலில் இரண்டு 20 வாட் எல்இடி பட்டை விளக்குகள், 6,500 கெல்வின், மருந்துக்கடை வெளிச்சம். அவை அப்படியே இருக்கட்டும், சாயங்காலத்துக்கு மட்டும் மூலையில், உட்கார்ந்தவர் தலைக்குச் சற்று மேலே, 2,700 கெல்வினில் 9 வாட் பல்பு ஒன்று, துணிக்கூடு போட்டு. கூரையிலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்குழியும் மூக்கடியும் நிழலாகி எல்லோரும் களைத்த மாதிரியே தெரிவார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் முகம் தெரியும். அதை மாட்டுவதற்கு, ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே எட்டு அங்குலத்தில் துளை போட்டேன். போர்டிலிருந்து வயர் குழாய் நேர்மேலேதான் போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன், ஒயர் இழுக்கக் கிட்டத்தில் இருக்கிறதே என்ற சோம்பல். நல்லவேளை ஹாலுக்குப் போகும் கரண்டை நிறுத்தும் எம்சிபி ஸ்விட்சை இறக்கிவிட்டு, டிரில்லைப் படுக்கையறை பிளக்கில் செருகியிருந்தேன். துளையிடும்போது வரும் தூளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெள்ளை, அது பட்டி. பிறகு சாம்பல், அது பூச்சு. அடுத்து செங்கல் சிவப்பு வர வேண்டிய இடத்தில் வழவழவென்று சுருள் சுருளாக பிளாஸ்டிக் வந்தது. கை நின்றுவிட்டது. குழாயைத் துளைத்து, ஒரு வயரின் தோலைச் சீவியிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து புது ஒயர் இழுத்தார், 600 ரூபாய். "எம்சிபியை இறக்காம பண்ணியிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விளக்கு இப்போது போர்டிலிருந்து ஒன்றரை அடி பக்கவாட்டில் இருக்கிறது.

அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அத்தையால் பூக் கட்ட முடியவில்லை. வயதான கண்ணுக்கு நம்மைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். அவர் உட்காரும் முனைக்கு மட்டும் கழுத்து வளையும் மேசைவிளக்கு ஒன்றைத் திண்ணைப் பலகையில் கவ்விவிட்டேன்.

சரி, டிவி. அத்தைக்குச் சீரியல் வேண்டும், அது நியாயம். நாளெல்லாம் வீட்டிலேயே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இவருக்கு வேண்டும். யோசித்துப் பார்த்தால் டிவி ஹாலில் இருந்ததைவிட, அது சுவரில் அறைந்து நின்றதும் மற்றதெல்லாம் அதைப் பார்த்து நின்றதும்தான் எனக்கு உறுத்தல். வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாயில் ஒரு தள்ளுவண்டி செய்யச் சொன்னேன். அடிப்பாகம் 24க்கு 18 அங்குலம், இரண்டு அங்குலச் சக்கரம் நாலு, முன்னிரண்டுக்கும் பிரேக். டிவி எட்டுக் கிலோதான், ஆனால் எடை மேலே இருப்பதால் பையன் ஓடிவந்து இடித்தால் சாயும். சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டை அடித்தட்டில் வைத்துக் கட்டினேன். செட்டாப் பாக்ஸ் வண்டியிலேயே இருக்கிறது. வெளியே ஒரு பவர் ஒயர், ஒரு டிஷ் ஒயர். ஏழு மணிக்கு அத்தை அறைக்கு வெளியே இருக்கும் சந்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்து, திண்ணையிலிருந்து ஏழடியில் நிறுத்துவோம். ஒன்பதுக்கு உள்ளே போய்விடும். பழைய போர்வை ஒன்று மேலே.

முதல் நாள் வண்டி குலுங்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்தபோது இவர், "மூலவரா இருந்தவரு உற்சவர் ஆயிட்டாரு போல" என்றார். பையன் உடனே முன்னால் ஓடி, ஸ்ரீரங்கத்தில் பார்த்த மாதிரியே சாமரம் வீசினான். அத்தை "சாமி விஷயத்துல விளையாடாதீங்கடா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், சிரித்துக்கொண்டேதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிவி போடுவது என்று யாரும் சொல்வதில்லை, 'புறப்பாடு' என்றுதான். ஒரு வேடிக்கை, தள்ளிக்கொண்டு வர வேண்டுமே என்ற சோம்பலிலேயே வாரத்தில் இரண்டு நாள் புறப்பாடு நடப்பதில்லை.

நாற்காலி விஷயத்தில் வெய்பர்ன் பாட்டிகள் எங்கள் வீட்டிலும் வந்தார்கள். அங்கே மேசையைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளை முதலில் திரும்பத் திரும்பச் சுவரோரமே தள்ளினார்களாம். இங்கே காலையில் வேலைக்கு வரும் அக்கா கூட்டிவிட்டு எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டிவிடுவார். அவர் விட்டதை அத்தை சரிசெய்வார். சுவரோரம் இருந்தால்தான் அவர்களுக்கு 'வீடு ஒழுங்கா இருக்கு'. சோபாவைச் சுவரிலிருந்து ஆறு அங்குலம் முன்னே இழுத்திருந்தேன், தினமும் மாலை திரும்ப இழுப்பேன். கடைசியில் மகளின் நகப்பாலிஷை எடுத்து, சோபா கால் நிற்க வேண்டிய இடத்தில் டைல்ஸில் சிவப்புப் புள்ளி வைத்தேன், காலுக்கடியில் கம்பளித் துண்டு ஒட்டினேன். அக்காவிடம் புள்ளியைக் காட்டியதும், "இதைச் சொன்னா ஆச்சு" என்றார். ஒரே நாளில் தீர்ந்தது.

செல்போனுக்கு நான் சட்டம் எதுவும் போடவில்லை. போட்டால் முதலில் மீறுவது நானாகத்தான் இருப்பேன். சார்ஜர்கள் நாலையும் தலைவாசல் பக்கம், செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு பலகையில் வைத்தேன், அவ்வளவுதான். திண்ணைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பிளக் கிடையாது. ஏழு மணிக்கு எல்லோர் போனும் இருபது சதவீதத்தில் இருக்கும், தானாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இவருக்கு ஆபீஸ் போன் வந்தால் எழுந்து போய் எடுக்கிறார். மகள் சில நாள் போனோடு அறைக்குள் போய்விடுகிறாள். பத்தாம் வகுப்பு, தோழிகள் எல்லாம் அதில்தான். கூப்பிடுவதில்லை.

ஒன்று மட்டும் நான் திட்டமே போடாமல் நடந்தது. காய்ந்த துணியை எப்போதும் ஒற்றைச் சோபாவில் குவிப்போம். அது போனதால் குவியல் திண்ணைக்கு வந்தது. உட்கார இடம் வேண்டுமென்றால் மடித்தாக வேண்டும். ஆளுக்கு நாலு துணியை இழுத்து மடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தோம். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் பையன் பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொல்கிறான். சும்மா உட்கார வைத்து "என்னடா ஆச்சு" என்றால் "ஒண்ணுமில்ல"தான். அதைப் பார்த்த பிறகு வேண்டுமென்றே பொந்தில் சிலதைப் போட்டு வைத்தேன். பல்லாங்குழியும் ஒரு டப்பா புளியங்கொட்டையும், தாயக்கட்டை, நூல்கண்டு. கீரை வாங்கின நாள் முறமும் ஹாலுக்கே வந்துவிடும். பட்டாணி உரிப்பதற்கு இணையில்லை, ஆனால் விலை பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கணக்கு கேட்பவர்களுக்கு: பிளைவுட் இரண்டு பலகை 6,400, ஆசாரி கூலி 2,400, திருகு பசை வகையறா 900, உயர்த்தியதற்கு 700, மெத்தை 3,200, திரைத்துணியும் பாயும் 1,400, தள்ளுவண்டி 2,300, விளக்குகள் 1,150, எலக்ட்ரீஷியன் 600, பட்டி பெயிண்ட் 350, ஃபேன் 3,100. மொத்தம் 22,500. ஒற்றைச் சோபாக்களும் டீப்பாயும் 4,500க்குப் போயின. ஜமுக்காளம் இருந்தது. ஊஞ்சல் போடலாம் என்று இவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆட முன்னும் பின்னும் மூன்றடி வேண்டும், அது போனால் நடக்க இடமில்லை.

ஆடி கடைசி வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி கரண்ட் போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு, இப்போது புள்ளி வைத்தால் எப்படி இருக்கும் என்று. நாலு பேர் இருந்த இடத்திலேயே இருந்தோம். ஆடிக்காற்று திரையைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அத்தை மட்டும் திண்ணையிலிருந்து எழுந்து, தடவித் தடவிப் போய், பழையபடி பால்கனிப் படியில் உட்கார்ந்துகொண்டார். பையன் விடவில்லை: "அப்பாயி, வாசப்படில உக்காரக் கூடாதுன்னு என்னைத் திட்டுவீங்கல்ல?"

"இது வாசலாடா? பால்கனிதான? காத்து இங்கதான் வருது" என்றார்.

காலையில் போய்ப் பார்த்தேன். படியில் கதவு ஓடும் அலுமினியத் தண்டவாளம் இரண்டு, அரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அதன்மேல்தான் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். தண்டவாளம் உள்ளே அடங்கும்படி அடிப்பக்கம் பள்ளம் வெட்டி, கதவு திறந்திருக்கும்போது மட்டும் மேலே கவிழ்த்து வைக்கிற மாதிரி ஒரு பலகை செய்தால் போதும். பழைய கட்டிலின் தேக்குச் சட்டம் ஒன்று பரணில் கிடக்கிறது. அளவு எடுத்துவிட்டேன்: நீளம் 22 அங்குலம், அகலம் 9 அங்குலம், பள்ளம் முக்கால் அங்குலம். இந்த முறை முழங்கால் உயரத்தையும் பார்த்துவிட்டேன். படிக்கு எட்டு அங்குலம்தான். எப்படி எழுந்துகொள்கிறார் என்றுதான் இன்னும் தெரியவில்லை, கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார் போலிருக்கிறது. அதன் திருகுகளையும் முறுக்கி வைக்க வேண்டும்.